அலுமினியம் யாருக்கு நஞ்சாகிறது, ஏன்?

பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். தனிமங்களில் ஆக்சிஜன், சிலிக்கனுக்கு அடுத்த மூன்றாவது இடம், உலோகங்களில் முதலிடம். களிமண்ணில், தேயிலையில், குழாய்த் தண்ணீரில், காய்கறியில் ஒட்டிவரும் தூசியில் என எங்கும் இருக்கிறது. ஆனாலும் மனித உடலுக்கு அதனால் ஆகவேண்டிய வேலை எதுவும் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. தினமும் உள்ளே போகிறது, தினமும் வெளியே வந்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவுதான்.

சிலருக்கு அப்படி முடிவதில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் நலமாக இருக்க, அதே தண்ணீரைக் கொண்டு டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் பேச்சுக் குழறி, வலிப்பு வந்து இறந்திருக்கிறார்கள். ஒரே அமில மண்ணில் தேயிலை தழைக்கிறது, பார்லியின் வேர் சில மணி நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. ஒரே ஆற்றில் மீன் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை, கடலுக்குக் கிளம்பும் இளமீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

இத்தனைக்கும் விளக்கம் மூன்று கேள்விகளில் இருக்கிறது. அலுமினியம் எந்த வழியாக உள்ளே நுழைந்தது? என்ன வேதி வடிவத்தில் நுழைந்தது? வெளியேற வழி இருந்ததா? சுற்றுப்புறத்தில் மொத்தம் எவ்வளவு அலுமினியம் இருக்கிறது என்பதைவிட இந்த மூன்றும்தான் முக்கியம். 'அலுமினியம் நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது.

ஆரோக்கியமான உடலில் என்ன நடக்கிறது

பெரியவர் ஒருவர் உணவிலும் தண்ணீரிலும் நாளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை அலுமினியத்தை உட்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்று அமிலம் அதில் ஒரு பகுதியைக் கரைக்கும். உணவு சிறுகுடலுக்கு நகர்ந்து அமிலத்தன்மை குறைந்ததும், கரைந்த அலுமினியம் ஹைட்ராக்சைடாகவும் பாஸ்பேட்டாகவும் மறுபடி திடமாகி மலத்தோடு போய்விடும். உணவில் உள்ளதில் ஏறத்தாழ 0.1 சதவீதமும் தண்ணீரில் உள்ளதில் ஏறத்தாழ 0.3 சதவீதமும் மட்டுமே ரத்தத்தில் ஏறுகின்றன. 10 மில்லிகிராம் சாப்பிட்டால் ரத்தத்துக்குப் போவது சுமார் 10 மைக்ரோகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

ரத்தத்தில் ஏறிய அலுமினியத்தின் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இது இரும்பைச் சுமப்பதற்காக ஏற்பட்ட புரதம். மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினிய அயனி அதே மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனியை ஒத்திருப்பதால் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. இரும்பின் இடத்தில் இருக்கும்போது அது எலும்பு மஜ்ஜைக்கும் மூளைக்கும் போய்ச் சேர முடியும். மெக்னீசியத்தின் இடத்தையும் அது பிடிக்கும். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. மெக்னீசியம் சட்டென்று ஒட்டும், சட்டென்று விலகும். அலுமினியம் ஒட்டினால் விலகுவது லட்சம் மடங்கு மெதுவாக நடக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கவேண்டிய வினை அங்கே தேங்கிவிடும்.

மீதமுள்ள சிறு பகுதி சிட்ரேட் போன்ற சிறு மூலக்கூறுகளோடு சேர்ந்து சிறுநீரகத்தின் வழியே வடிகட்டி வெளியேறுகிறது. ரத்தத்தில் ஏறிய அலுமினியம் வெளியேறுவதில் 95 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில்தான். குடல்சுவர் உள்ளே விடாமல் தடுக்கிறது, தப்பி நுழைந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்த இரண்டில் எது பழுதுபட்டாலும் ஆபத்து தொடங்கும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இல்லாமல் போகும் இடம் டயாலிசிஸ் அறை.

டயாலிசிஸ்: குடலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அலுமினியம் உள்ள குழாய்த் தண்ணீர் ஒன்று இருக்கிறது. நகராட்சிகள் கலங்கல் நீரைத் தெளியவைக்கப் படிகார வகை உப்புகளைச் சேர்ப்பதால் இந்த அளவு மிச்சம் இருப்பது அரிதல்ல. இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 0.03 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 0.2 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

ஆரோக்கியமான ஒருவர் இதில் 2 லிட்டர் குடிக்கிறார். 200 மைக்ரோகிராம் வயிற்றுக்குப் போகிறது, அதில் 0.3 சதவீதம், அதாவது 0.6 மைக்ரோகிராம் ரத்தத்தில் ஏறுகிறது. அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் திரவத்தைச் செலுத்துகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். அதே தண்ணீரைச் சுத்திகரிக்காமல் பயன்படுத்தினால், ஒரே அமர்வில் 12,000 மைக்ரோகிராம் அலுமினியம், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால், நோயாளியின் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. வாரத்துக்கு மூன்று முறை. எல்லாமே சவ்வைக் கடப்பதில்லை. ஆனால் கடந்து வருவதை டிரான்ஸ்ஃபெரின் உடனே பிடித்துக்கொள்வதால், ரத்தத்தில் கட்டற்ற அலுமினியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். திரவத்திலிருந்து உள்ளே வருவது நிற்காமல் தொடரும். அந்த நோயாளிக்கு வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை.

1970களில் இது பெரிய அளவில் நடந்தது. அமெரிக்காவின் டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஒரு விநோதமான மூளைநோயை 1972இல் விவரித்தார்கள். 1976இல் காரணத்தை நோக்கி விரல் நீட்டினார்கள். இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் சாம்பல் நிறமாக உள்ள பகுதியில், உலர்ந்த எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் அலுமினியம் இருந்தது. சிறுநீரக நோய் இல்லாதவர்களிடம் 2.2. இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் அதே காலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளின் எலும்புகள் மென்மையாகி முறிந்துகொண்டிருந்தன. அதற்கும் தண்ணீரிலிருந்த அலுமினியமே காரணம் என்று பின்னால் தெளிவானது.

நோய் தொடங்கும் விதத்தை டயாலிசிஸ் நோயாளியின் வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலில் பேச்சுத் திக்கும், வார்த்தை கிடைக்காமல் தடுமாறும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த சில மணி நேரத்தில் இது அதிகமாகத் தெரியும், அடுத்த நாள் குறையும். பிறகு கை கால் திடீர் திடீரென்று துள்ளும், குணம் மாறும், வலிப்பு வரும். எலும்பில் வலியும் காரணமில்லாத முறிவும், இரும்புச்சத்து போதுமான அளவு இருந்தும் சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசி போட்டும் ஏறாத ரத்தசோகையும் மற்ற அறிகுறிகள். அந்த ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும், அதனால் இரும்புக் குறைபாடு என்றே முதலில் தோன்றும்.

இப்போது டயாலிசிஸ் நீருக்கான உச்சவரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கார்பன் வடிகட்டி குளோரினை எடுக்கும், சாஃப்ட்னர் கால்சியத்தை எடுக்கும். அலுமினியத்துக்கு இவற்றை நம்ப முடியாது. ஆர்.ஓ. அல்லது அயனி நீக்கும் கருவி வேண்டும். ஆர்.ஓ. இருந்தும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. சவ்வு பழசாகித் தள்ளும் திறன் குறையும். மழைக்காலத்தில் நகராட்சி படிகாரத்தைக் கூட்டிச் சேர்க்கும்போது உள்ளே வரும் நீரில் அளவு திடீரென்று ஏறும். சுத்திகரித்த நீர் அலுமினியப் பாகத்தைத் தொட்டால் எல்லாம் வீண். அமிலக் கரைசலை இறைக்க அலுமினிய உறை கொண்ட பம்பைப் பயன்படுத்திய அமெரிக்க மையம் ஒன்றில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள்.

இன்னும் வேதனையானது கரீபியனில் உள்ள குராசோ தீவில் 1996இல் நடந்தது. அங்கே குடிநீர் கடல்நீரிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவது. அதனால் தூய்மையானது என்று கருதப்பட்டது. டயாலிசிஸ் மையத்துக்கு நீர் கொண்டுவரும் குழாயை மாற்றினார்கள். புதிய இரும்புக் குழாயின் உட்புறத்தில் சிமெண்ட் கலவைப் பூச்சு. கனிமம் குறைந்த காய்ச்சிய நீர் எதையும் அரிக்கும் இயல்புடையது. அது பூச்சிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவந்தது. 27 நோயாளிகளில் 10 பேர் இறந்தார்கள். தண்ணீரின் மூலம் சுத்தமாக இருப்பது போதாது, நோயாளியைச் சேரும் இடத்தில் அளக்கவேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து வந்தது. நீங்கள் டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருந்தால், நீரின் அலுமினிய அளவைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று மையத்தில் கேட்கத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

ரத்தத்தில் அலுமினியம் லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். 60க்கு மேல் போனாலோ அறிகுறிகள் இருந்தாலோ டெஸ்ஃபெரியாக்சமின் என்ற மருந்தை கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி அளப்பார்கள். எலும்பில் தங்கியதை இம்மருந்து இழுத்து ரத்தத்துக்குக் கொண்டுவரும். 50 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஏறினால் உடலில் தேக்கம் இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே அளவு 200ஐத் தாண்டியவருக்கு இதைக் கொடுப்பதில்லை, இழுத்துவந்தது மூளைக்குப் போய்விடும். முதலில் தீவிர டயாலிசிஸ் மூலம் இறக்கவேண்டும். நீண்டநாள் கொடுத்தால் மியூகார் பூஞ்சைத் தொற்றும் வரலாம், அந்தப் பூஞ்சை இந்த மருந்தைப் பயன்படுத்தி இரும்பைப் பெற்றுக்கொள்கிறது. ரத்தம் எடுக்கும்போது நுண் உலோகச் சோதனைக்கென்று உள்ள குழாய் வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே அலுமினியம் கலந்து பொய்யான உயர்வைக் காட்டும்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தை

குடலைத் தாண்டி நேராக ரத்தத்தில் ஏறும் இன்னொரு இடம், குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு ரத்த நாளம் வழியே ஏற்றும் ஊட்டச்சத்து. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் கருவில் சுமார் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அவை முழுமையாகவில்லை. எலும்பும் மூளையும் அதே வாரங்களில்தான் வேகமாக வளர்கின்றன.

பால் குடிக்க முடியாத அந்தக் குழந்தைக்கு எலும்பு வளரக் கால்சியம் வேண்டும். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நாளுக்கு 65 மில்லிகிராம் கொடுக்க ஏறத்தாழ 7 மில்லிலிட்டர் தேவை. இந்த மருந்து கண்ணாடிக் குப்பியில் வந்தால், கிருமி நீக்கச் சூடாக்கும்போது குளுக்கோனேட் கண்ணாடியிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், 7 மில்லிலிட்டரில் 35 மைக்ரோகிராம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வரையறுத்த பாதுகாப்பு எல்லை ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மைக்ரோகிராம். ஒரே ஒரு சேர்மானத்திலேயே ஏழு மடங்கு தாண்டிவிட்டது. கண்ணாடியில் வரும் பாஸ்பேட்டும் இதைக் கூட்டும்.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. பிரிட்டனில் 227 குறைப்பிரசவக் குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல், நாளுக்குக் கிலோவுக்கு 45 மைக்ரோகிராம் அலுமினியத்தோடு. மற்றதற்கு 4 முதல் 5 மட்டுமே. 18 மாதத்தில் அறிவு வளர்ச்சியைச் சோதித்தபோது, வழக்கமான கரைசல் பெற்ற குழந்தைகள், அதைப் பெற்ற ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி இழந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். அதே குழந்தைகளைப் பதின்ம வயதில் அளந்தபோது, அதிக அலுமினியம் பெற்றவர்களின் எலும்பில் கனிமம் குறைவாக இருந்தது.

செய்யக்கூடியது எளிது. பிளாஸ்டிக் குப்பியில் வரும் கால்சியம் குளுக்கோனேட்டையும் அலுமினியம் குறைந்த பாஸ்பேட் வகையையும் மருந்தகம் வாங்கவேண்டும். குழந்தை தாங்கும் அளவுக்குத் தாய்ப்பாலைச் சீக்கிரம் தொடங்கி, நாளம் வழியே ஏற்றும் நாட்களைக் குறைக்கவேண்டும். தாய்ப்பாலில் அலுமினியம் மிகக் குறைவு. சோயாவில் செய்த குழந்தை உணவில் தாய்ப்பாலைவிடப் பல மடங்கு அதிகம், குறைப்பிரசவக் குழந்தைக்கும் சிறுநீரகம் பலவீனமான குழந்தைக்கும் அது ஏற்றதல்ல.

மருந்துக் கடையில் கவனிக்கவேண்டியது

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவங்கள் பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டு. 10 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் ஹைட்ராக்சைடு என்றால் அலுமினியம் 150 மில்லிகிராம் அளவில் இருக்கும். நாளுக்கு நான்கு வேளை என்றால் 600 மில்லிகிராம்; உணவில் வருவதைப்போல 60 மடங்கு அல்லது அதற்கும் மேல். அல்சருக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் 1 கிராம் மாத்திரையில் சுமார் 200 மில்லிகிராம் அலுமினியம். நல்ல சிறுநீரகம் உள்ளவர் சில வாரங்கள் எடுத்தால் பிரச்சினை வருவதில்லை.

வடிவத்தின் முக்கியத்துவம் இங்கேதான் தெரியும். இதே ஆன்டாசிட்டோடு சிட்ரேட் சேர்ந்தால், சிறுகுடலில் திடமாகி வெளியேறவேண்டிய அலுமினியம் கரைந்த நிலையிலேயே இருக்கும். குடற்செல்களுக்கு இடையிலான இணைப்பையும் சிட்ரேட் தளர்த்துகிறது. உறிஞ்சப்படும் அளவு பல மடங்கு ஏறும். சிட்ரேட் எங்கிருந்து வருகிறது? தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள், நீர்க்கடுப்புக்கு மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப், சிறுநீரகக் கல்லுக்குத் தரும் பொட்டாசியம் சிட்ரேட், எலுமிச்சைச் சாறு. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்துச் சில வாரங்களில் மூளை பாதித்து இறந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. சிறுநீரக நோயாளிக்குச் சிட்ரேட்டும் அலுமினிய மருந்தும் ஒன்றாகக் கூடவே கூடாது.

வயதானவர்கள் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கிரியேட்டினின் என்பது தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. 25 வயது ஆணுக்கு ரத்தத்தில் அது 1.2 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 86. 78 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் அது சுமார் 46தான். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் குறைவாக உருவாவதால் அறிக்கை பார்க்கச் சாதாரணமாகவே தெரியும். ஆகவே பாட்டிக்கு மாதக்கணக்கில் ஆன்டாசிட் கொடுக்கும் முன் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது இந்த வடிகட்டும் திறன், என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். 30க்குக் கீழே இருந்தால் அலுமினியம் சேர்ந்த மருந்தைத் தவிர்க்கவேண்டும். வேறு வகை மருந்துகள் எளிதாகக் கிடைக்கின்றன.

இரும்புக் குறைபாடும் ஆபத்தைக் கூட்டும். டிரான்ஸ்ஃபெரினில் இரும்பு இல்லாத காலி இடங்கள் அதிகமாகி, அலுமினியம் உட்கார வசதியாகிறது. விலங்குச் சோதனைகளில் இரும்பு குறைந்தவை கூடுதலாக அலுமினியத்தை உறிஞ்சுகின்றன.

குடலைத் தாண்டினால் ஆபத்து என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வரும். சில தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு உண்டு. ஒரு டோஸில் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. தசையிலிருந்து அது வாரக்கணக்கில் மெதுவாகக் கரைந்து, சிறுநீரகம் வழியே போகிறது. தினந்தோறும் நாளங்களில் ஏற்றுவதோடு இதை ஒப்பிட முடியாது. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2025இல் வெளியான ஆய்வு, தடுப்பூசி அலுமினியத்துக்கும் ஆட்டிசம், ஆஸ்துமா உள்ளிட்ட நீடித்த நோய்களுக்கும் தொடர்பு காணவில்லை. தடுப்பூசியைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, தக்காளி ரசம் கொதித்தால் ஓரளவு உலோகம் கரையும், அதைப் பாத்திரத்திலேயே இரவு முழுக்க வைத்தால் இன்னும் கூடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது சின்ன அளவு. அல்சைமர் நோய்க்குப் பாத்திரம்தான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் மட்டும் புளிப்புச் சமையலை எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிடுவது நல்லது.

மீனின் செவுள்

மீனுக்குத் தோலுக்கு வெளியே தண்ணீர், செவுளுக்கு உள்ளே ரத்தம். நடுவே ஓரிரு செல் தடிமன்தான். அமில மழை தெற்கு நார்வேயின் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஆறுகளில் சேர்த்தபோது, அட்லாண்டிக் சால்மன் பல ஆறுகளில் அழிந்தது. பி.எச். (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) 5 முதல் 5.5 வரையில் உள்ள நீரில் அலுமினியம் செவுளின் மேற்பரப்பில் படிந்து, திரண்டு, சளியைத் தூண்டி, ஆக்சிஜனை மறிக்கும். சோடியமும் குளோரைடும் உடலிலிருந்து ஒழுகும். அமில ஓடை சற்றுக் குறைந்த அமிலத்தன்மையுள்ள ஆற்றில் கலக்கும் இடம் மிக மோசம், கரைந்தது திடமாகிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் செவுளில் அதிகம் ஒட்டுகிறது.

முட்டைக்கு உறை இருப்பதால் தாக்குப்பிடிக்கும். கடலுக்குப் போகத் தயாராகும் இளமீன் மிக எளிதில் பாதிக்கப்படும். உப்பு நீரைத் தாங்கச் செவுளின் உப்பு வெளியேற்றும் அமைப்பு அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. பனி உருகி அமில நீர் பெருகும் வசந்தமும் அதே சமயத்தில் வருகிறது. இலைதழை அழுகிப் பழுப்பேறிய நீரில் அலுமினியம் கரிமப் பொருளோடு பிணைந்துவிடுவதால் நஞ்சு குறைவு. கால்சியம் அதிகமுள்ள நீரும் காக்கும். சிலிக்கன் மிகுந்த அமில நீரில் சால்மன் குஞ்சுகள் பிழைத்ததை 1989இல் காட்டினார்கள். சிலிசிக் அமிலம் அலுமினியத்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது. நார்வே இன்றும் ஆறுகளில் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துச் சால்மனை மீட்டுவருகிறது.

வேர் நுனியும் சுண்ணாம்பும்

மண்ணின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்க இறங்க, களிமண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் மண்நீரில் கரைகிறது. 5க்குக் கீழே போனால் கேடு வேகமாகும். தாக்குதல் வேரின் நுனியில், முனையிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் நடக்கிறது. மணிக்கணக்கில் வேர் நீள்வது நிற்கும், தடித்துப் பழுப்பேறும். மேலே செடி வாடும்போது நீரோ உரமோ போதவில்லை என்று நினைத்துக் கூட்டிக் கொடுப்போம், கீழே உறிஞ்ச வேரே இராது.

தாங்கும் பயிர்கள் வேர் நுனியிலிருந்து கரிம அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தை வெளியிலேயே கட்டிவிடுகின்றன. கோதுமை மாலேட்டை விடுகிறது. அதற்குரிய மரபணுவை 2004இல் கண்டுபிடித்தார்கள். சோளம் சிட்ரேட்டை விடும், அதன் மரபணு 2007இல் வெளிவந்தது. குடலில் ஆபத்தான அதே சிட்ரேட், வேருக்கு வெளியே காவலாக இருக்கிறது. சிட்ரேட்டோடு பிணைந்த அலுமினியம் வேர் செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை, குடற்சுவரைத் தாண்டிவிடுகிறது. ஒரே கோதுமைப் பயிரில் ஒரு ரகம் பிழைத்து இன்னொன்று சாவதும் இந்தக் கசிவின் அளவு வேறுபடுவதால்தான்.

தானியங்களில் நெல் மிகவும் தாங்கும், பார்லி மிகக் குறைவாக. நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதும் உதவும். நீர் தேங்கிய மண்ணில் பி.எச். தானாக ஏறி அலுமினியம் திடமாகிவிடுகிறது. கேரளத்தின் குட்டநாட்டில் அமில சல்ஃபேட் மண் உண்டு. அங்கே வயலை வறளவிட்டால் கீழ்மண்ணில் உள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகி, பி.எச். 4க்கும் கீழே போகும். மறுபடி நீர் கட்டியதும் கரைந்த அலுமினியமும் இரும்பும் நாற்றைச் சேரும், முதல் நீரை வடித்து வெளியேற்றாவிட்டால்.

தேயிலை இன்னொரு உத்தியைக் கையாள்கிறது: அலுமினியத்தை உள்ளே இழுத்து இலையில் பூட்டிவைக்கிறது. முதிர்ந்த இலையின் உலர்ந்த எடையில் 3 சதவீதம் வரைகூடச் சேரும். கொழுந்தில் மிகக் குறைவு. அதனால்தான் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் பி.எச். 4.5 முதல் 5.5 உள்ள மண் அதற்கு ஏற்றதாக இருக்கிறது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு அதே மண்ணில் பீட்ரூட்டோ பூண்டோ போடுபவர்கள்தான் அடிபடுகிறார்கள். பீட்ரூட் அலுமினியத்தைத் தாங்காது. உருளைக்கிழங்கு ஓரளவு தாங்கும்.

மண் பரிசோதனையில் பி.எச். மட்டும் கேட்காமல், பொட்டாசியம் குளோரைடால் பிரித்தெடுக்கும் அலுமினியத்தையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, கிலோவுக்குச் சென்டிமோல் கணக்கில் அலுமினியம் 1.2, கால்சியம் 0.8, மெக்னீசியம் 0.3, பொட்டாசியம் 0.1 என்றால், மொத்தம் 2.4; அலுமினியம் அதில் பாதி. 50 சதவீதத்தில் உணர்திறன் அதிகமுள்ள காய்கறி எதுவும் தேறாது. அலுமினிய அளவை 1.5ஆல் பெருக்குங்கள்: 1.8. மேல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்கு ஹெக்டேருக்கு 1.8 டன், ஏக்கருக்கு சுமார் 730 கிலோ நல்ல சுண்ணாம்புத்தூள். மெக்னீசியமும் குறைவாக இருப்பதால் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்பான டோலமைட் போடலாம். நடவுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தூவி உழுது கலக்கவேண்டும், மேலே தூவிவிட்டால் மேலேயே நிற்கும். கீழ்மண்ணில் அலுமினியம் அப்படியே இருந்தால் வேர் மேலடுக்கிலேயே பரவி, பத்து நாள் மழை பொய்த்தாலே பயிர் காயும். ஜிப்சம் கரைந்து கீழே இறங்கக்கூடியது. பிரேசிலின் செராடோ நிலங்களில் சுண்ணாம்போடு ஜிப்சமும் சேர்த்தே ஆழத்து வேரை வளர்த்தார்கள். அவசரப்பட்டு இரட்டை அளவு சுண்ணாம்பு போட்டால் துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காமல் போகும். இலக்கு பி.எச். 5.5 முதல் 6 வரைதான். அடுத்த பருவத்தில் மறுபடி அளந்த பிறகு மீதியைப் போடலாம்.